பழைய வீடியோவைத் துலக்கும் டோபாஸ்: எதை இயக்கலாம், எதை அணைத்து வைக்க வேண்டும்

செயற்கை நுண்ணறிவால் வீடியோவைத் துலக்கும் டோபாஸ் வீடியோ ஏஐ (இப்போது டோபாஸ் வீடியோ) மென்பொருளை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அண்மைக் காலமாகக் கூடிவிட்டார்கள். திருகோணமலையில் பல வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் இரண்டு மூன்று வீடியோ கசெட்டுகள் இன்னும் கிடக்கின்றன. கல்யாண வீடு, சாமத்திய வீடு (பூப்புனித விழா), சிவராத்திரிக்குப் பின் வரும் கோணேசர் நகர்வலம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அவற்றைக் கேட்கிறார்கள். நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் கற்பிப்பவள் என்பதால் கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. என் பதில்: வாங்கலாம். ஆனால் அந்த மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலையை நன்றாக முடித்திருக்க வேண்டும். திறந்த பிறகு அதன் சில வசதிகளைத் தொடாமல் விடுகிற உறுதியும் வேண்டும்.

நான் மீட்டெடுத்தது 1993இல் நடந்த என் அக்காவின் சாமத்திய வீட்டு கசெட். அதில் அம்மம்மா இருக்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் பழைய வீட்டுக்குள் வந்தபோது அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. இந்த கசெட் மட்டும் உவர்மலையில் சித்தி வீட்டில் இரவலாகக் கிடந்ததால் தப்பியது. அம்மம்மா நடப்பதும் பேசுவதும் சிரிப்பதும் உள்ள படம் எங்களிடம் இது ஒன்றுதான். ஆகவே இதை ஒரு மென்பொருளின் திறமையைப் பரிசோதிக்கும் ஆசையில் நான் செய்யவில்லை. அம்மம்மாவை அவர் இருந்தபடியே பார்க்க வேண்டும் என்பதே என் ஒரே அளவுகோல்.

முதலில் பதிவெடுப்பு. நான் கையில் எடுப்பதற்கு முன்பே உறவினர் ஒருவர் இந்த கசெட்டை ஒரு கடையில் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றி வைத்திருந்தார். அந்தக் கோப்பில் 4:3 படத்தை அகலத்திரைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். எல்லோருடைய முகமும் உப்பியிருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்கு உடனே தெரியாதது. நம் நாட்டில் பயன்பட்ட பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 சட்டகங்கள், அதாவது முழுப் படங்கள். ஒவ்வொரு சட்டகமும் ஒற்றை வரிகள் ஒன்றாகவும் இரட்டை வரிகள் ஒன்றாகவும் இரண்டு அரைப்படங்களால் ஆனது. அதாவது வினாடிக்கு 50 வெவ்வேறு கணங்கள் நாடாவில் இருக்கின்றன. அந்தக் கோப்பில் ஒரு பாதியை எறிந்துவிட்டு மறுபாதியை மட்டும் வைத்திருந்தார்கள். எறிந்ததை எந்தச் செயற்கை நுண்ணறிவும் திருப்பித் தராது. அதனால் அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டு மறுபடியும் கசெட்டிலிருந்தே தொடங்கினேன்.

இப்போது கசெட் ஓட்டும் நல்ல டெக் கிடைப்பது எளிதல்ல. கிண்ணியாவில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில், அவர் மத்திய கிழக்கிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த ஜேவிசி டெக் ஒன்று துணி போர்த்தியபடி இருந்தது. வளைகுடாவிலிருந்து வந்த பல டெக்குகளைப் போல அதுவும் பால், என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு முறைகளையும் ஓட்டும். கனடாவில் பதிவான கசெட்டுகள் உள்ளவர்களுக்கு இது முக்கியம்; அங்கே என்டிஎஸ்சி, இங்கே பால். கசெட்டை ஓட்டுவதற்கு முன் அதன் சிறு கண்ணாடி வழியே நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெண்மையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சணம். நம் ஊர் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் பூஞ்சணம் பிடிக்காத நாடாதான் அதிசயம். அதைத் துடைக்காமல் ஓட்டினால் டெக்கின் தலையும் அழுக்காகும், அடுத்துப் போடும் கசெட்டுக்கும் தொற்றும்.

பதிவெடுக்கும்போது 720க்கு 576 என்ற முழு அளவில், தரம் இழக்காத வடிவில் சேமியுங்கள். நான் ஹஃப்யூவ் என்ற வடிவைப் பயன்படுத்தினேன். ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிகாபைட் அளவில் இடம் பிடிக்கும்; இருந்தாலும் தயங்க வேண்டாம். இறுக்கிச் சுருக்கிய கோப்பில் கட்டம் கட்டமாகக் கறை தோன்றும். மென்பொருள் அந்தக் கறையையும் படத்தின் பகுதி என்று நினைத்துக் கூர்மையாக்கிவிடும்.

அடுத்தது அந்த வரிகளைப் பிரித்து முழுப் படங்களாக்குவது. ஆலாத்தித் தட்டுச் சுற்றும் இடத்தில் படத்தை நிறுத்திப் பார்த்தால் தட்டின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும்; இரண்டு அரைப்படங்களும் வெவ்வேறு கணங்களில் எடுக்கப்பட்டதால் வருவது அது. டோபாஸிலேயே இதற்கு டயோனி என்ற மாதிரி, அதாவது இந்த வேலைக்கென்று பழக்கிய செயற்கை நுண்ணறிவு, உண்டு. நான் அதற்குப் பதிலாக ஹைபிரிட் என்ற இலவச மென்பொருளின் வழியாக கியூடிஜிஎம்சி என்ற பழைய முறையைப் பயன்படுத்தினேன். செயற்கை நுண்ணறிவு அலை வருவதற்கு முன்பே ஆர்வலர்கள் உருவாக்கிய முறை அது. இன்றைக்கும் வீட்டு வீடியோவுக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன். 25 சட்டகம் 50 ஆகிறது. பால் அறுகு வைக்கும் கைகளின் அசைவு நேரில் பார்ப்பதுபோல் வழுக்கிச் செல்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: எந்த அரைப்படம் முதலில் வருகிறது என்பதைச் சரியாகக் கொடுக்க வேண்டும். கசெட்டிலிருந்து எடுத்த பதிவில் பெரும்பாலும் மேல் வரி முதலில். DV வகை டிஜிட்டல் கமராவில் கீழ் வரி முதலில். தவறாகக் கொடுத்தால் நடப்பவர் ஓரடி முன்னும் அரையடி பின்னுமாக நடுங்குவார்.

இனி டோபாஸ். நான் நம்பிப் பயன்படுத்தும் மாதிரி புரோட்டியஸ். அதில் விவரம் மீட்டல், கூர்மை, இரைச்சல் குறைப்பு, விளிம்பில் படரும் வெண்கோட்டை நீக்குதல் என்று கூட்டிக் குறைக்கும் தனித்தனி அளவிகள் உண்டு. தானாகத் தீர்மானிக்கும் வழியும் இருக்கிறது. நான் கையால் வைப்பதையே விரும்புகிறேன். வீடியோ கசெட் நாடாவில் குறுக்காக ஏறக்குறைய 240 கோடுகள் அளவுக்குத்தான் விவரம் இருக்கிறது. டெக்குகள் அதைக் கூர்மையாகக் காட்டுவதற்காகக் கறுப்பு விளிம்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு சேர்த்துவிடும். கூறைச் சேலையின் கரையிலும் தூண்களின் ஓரத்திலும் அது எரிச்சலூட்டும். புரோட்டியஸ் இந்த வெண்கோட்டை அழகாக எடுத்துவிடுகிறது. இரவுக் காட்சிகளில் வீடியோக்காரரின் பெரிய விளக்கு எட்டாத மூலைகளில் கொதிக்கும் நிறப் புள்ளிகளையும் அடக்கிவிடுகிறது. பந்தலின் பின்வரிசையில் இருந்த சின்னம்மாவை நாங்கள் முதன்முதலாக அடையாளம் கண்டது அப்படித்தான். அன்று மாலை வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம்.

அளவிகளை எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. எனக்கு ஒரு வழி கிடைத்தது. அக்கா இருந்த மேடைக்குப் பின்னால் ரெஜிபோமில் வெட்டி ஒட்டிய ‘நல்வரவு’ இருக்கிறது. எழுத்து என்ன என்பது நமக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. இரைச்சல் குறைப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ‘ல்’ மேல் இருக்கும் புள்ளி கரையத் தொடங்குகிறது. அந்தச் சிறு புள்ளியையும் இரைச்சல் என்று கணக்கில் எடுத்துவிடுகிறது. விவரம் மீட்டலைக் கூட்டினால் ‘வ’வின் வளைவு தமிழிலேயே இல்லாத ஓர் உருவமாகத் திரும்புகிறது. புள்ளி கரையும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுவேன். பின்னணியில் ஒரு பெயர்ப் பலகையோ அழைப்பிதழோ கோயில் முகப்பு எழுத்தோ இருந்தால் அதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைத் திரிக்காத அளவு முகத்தையும் பெரும்பாலும் திரிக்காது.

எவ்வளவு பெரிதாக்குவது? 4:3 படத்தை 1440க்கு 1080 ஆக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை 3.75 மடங்காகிறது. 4கே உயரத்துக்கு, அதாவது 2880க்கு 2160 ஆக்கினால் 15 மடங்கு. 15 புள்ளிகளில் 14 நாடாவிலிருந்து வரவில்லை, மென்பொருள் ஊகித்தவை. 240 கோடு விவரமுள்ள நாடாவுக்கு அது நியாயமே இல்லை. 1080இல் நிறுத்துங்கள், கனடாவில் அக்கா வீட்டுப் பெரிய தொலைக்காட்சியில் அது போதுமான அளவு நன்றாக இருக்கிறது.

முகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காவின் மகன் ஆசையோடு அம்மம்மா வரும் துண்டை மட்டும் ஒரு கைப்பேசிச் செயலியில் போட்டு அனுப்பினான். முதல் பார்வையில் வியப்பாக இருந்தது. கண் இமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மா அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “அம்மா ஒருநாளும் மூக்குத்தியைக் கழற்றினதில்லையே” என்றார். உண்மைதான், மூக்குத்தி இல்லை. அதன் மினுக்கத்தை அந்தச் செயலி தோலின் பளபளப்பாக மாற்றிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. நெற்றியின் திருநீற்றுக் கீற்றுகள் சுருக்கங்களாகியிருந்தன. வெற்றிலைக் காவி ஏறிய பற்கள் வெள்ளையாகியிருந்தன. சிறு வயதில் அம்மை வந்து கன்னத்தில் விட்டுப்போன தழும்புகள் வழவழப்பாக மறைந்திருந்தன. அழகான ஒரு முதியவள் இருந்தாள். எங்கள் அம்மம்மா இல்லை.

இதன் காரணம் எளிது. முகத்தைத் தனியாக மீட்கும் மாதிரிகள் ஏராளமான முகப் படங்களைப் பார்த்துப் பழகியவை. பரவலாகப் பயன்படும் இலவச மாதிரிகளான ஜிஎஃப்பிகானும் கோட்ஃபோர்மரும் கணினிச் சில்லு நிறுவனமான என்விடியா வெளியிட்ட 70,000 முகங்கள் கொண்ட தொகுப்பில் பழகியவை; அந்தப் படங்கள் ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டப்பட்டவை. மங்கலான முகம் ஒன்றைக் கொடுத்தால், அந்த மங்கலுக்குப் பொருந்தக்கூடிய ஒரு முகத்தை வரைந்து தருகின்றன. 1993இல் திருகோணமலையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வாய் அவற்றுக்குப் பழக்கமில்லை. கோட்ஃபோர்மரில் அசலுக்கு விசுவாசமாக இருக்கச் சொல்லும் அளவி ஒன்று உண்டு. 0 முதல் 1 வரை. 1ஐ நெருங்கும்போது முகம் குறைவாக மாறும், கூர்மையும் குறையும். அந்த இரண்டில் எது வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பதையே அந்த அளவி ஒப்புக்கொள்கிறது.

டோபாஸிலும் முகத்துக்கென ஐரிஸ் என்ற மாதிரி உண்டு. 2025இல் வந்த ஸ்டார்லைட் என்ற மாதிரி பரவல் (டிஃபியூஷன்) முறையில், அதாவது இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தை உருவாக்கும் முறையில், இயங்குவது. வலிமையான கணினியும் மிகுந்த நேரமும் கேட்பது. கூட்டக் காட்சிகளுக்கு, கடற்கரைக்கு, கோட்டைக்குள் மேயும் மான்களுக்கு இவற்றை முயன்று பார்க்கலாம். இறந்துபோன ஒருவருடைய முகத்துக்கு நான் பயன்படுத்த மாட்டேன். அந்த முகத்தைச் சரிபார்க்க நமக்கு வேறு சான்று இல்லை. இன்று அதைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் அதையே அம்மம்மா என்று மனத்தில் வைத்துக்கொள்வார்கள்.

விலை. நீண்ட காலம் 299 டொலர் ஒருமுறை கட்டினால் போதும் என்ற முறை இருந்தது; அக்கா அப்போது வாங்கித் தந்தார். 2025இல் நிறுவனம் சந்தா முறைக்கு மாறிவிட்டது. இரண்டு கசெட்டுகளுக்காக நம் ஊரில் ஒருவர் தனியாக அவ்வளவு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சொந்தக்காரர்கள் சேர்ந்து எல்லோருடைய கசெட்டுகளையும் முதலில் பதிவெடுத்து வைத்துவிட்டு, குறுகிய காலச் சந்தா எடுத்து ஒரே மூச்சில் முடிப்பது நல்லது. பணம் வாங்காமல் தரும் சோதனைப் பதிப்பு கிடைத்தால், அதில் வெளிவரும் படத்தின் மேல் நீர்க்குறி இருக்கும். அளவிகளைப் பழக அது போதும். முற்றிலும் இலவசமாக வேண்டுமானால் வீடியோ2எக்ஸ் என்ற மென்பொருள் உண்டு, அதற்குள் ரியல்-ஈஎஸ்ஆர்கான் என்ற படத்தைப் பெரிதாக்கும் மாதிரி இயங்கும். புரோட்டியஸில் உள்ளதுபோல நுணுக்கமாகக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் கியூடிஜிஎம்சி முடித்த கோப்பைக் கொடுத்தால் மதிக்கத்தக்க பலன் வருகிறது.

கணினியில் நல்ல என்விடியா வரைகலை அட்டை இல்லாவிட்டால் எந்த வழியும் நீண்டுவிடும். ஒரு கசெட்டுக்கு இரவு முழுவதும் ஓடும், மின்சாரம் நின்றால் போயிற்று. ஆகவே ஒரே வீடியோக் கோப்பாக எழுதாமல் தனித்தனிப் படங்களின் தொடராக எழுதச் சொல்லுங்கள். நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

ஒலியை நான் ஓடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் சிறிதளவு இரைச்சல் குறைத்ததோடு விட்டுவிட்டேன். நாதஸ்வரமும் தவிலும் கணீரென்று இருக்கின்றன. அதிகம் துடைத்தால் மேளத்தின் அதிர்வு தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிறது.

அக்காவுக்கு இரண்டு கோப்புகள் அனுப்பினேன்: வரிகள் பிரித்த அசல் ஒன்று, புரோட்டியஸில் துலக்கி 1080 ஆக்கியது ஒன்று. பதிவெடுத்த மூலக் கோப்பு இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் இருக்கிறது. மென்பொருள் இன்னும் தேறும், விலை மாறும், அதற்குக் காத்திருக்கலாம். கசெட்டுக்குக் காத்திருக்க முடியாது. கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கிண்ணியாவில் இருக்கும் அந்த டெக்கின் ரப்பர் பட்டியும் தளர்ந்து வருகிறது. உங்கள் அலுமாரியில் இருப்பதை இந்த மாதமே பதிவெடுத்துவிடுங்கள்.