கடலுக்கும் ஓதம், சுவருக்கும் ஓதம்: கார்ன்வாலில் பன்னிரண்டு ஆண்டுகள்

பர்மிங்காமில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் இருக்கும், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் வீட்டு விலை சற்று இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டாராம். பணி ஓய்வுக்குப் பிறகு மனைவியோடு இங்கேயே வந்துவிடலாமா என்று கேட்டார். அந்த நேரத்தில் நான் ஏணியில் நின்று, வடக்குப் படுக்கையறையின் கூரை மூலையில் புதிதாகத் தோன்றியிருந்த பழுப்பு வளையத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன். ஆகவே அன்று என் வாயிலிருந்து வந்ததைப் பதிலாகக் கொள்ள வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டு, நிதானமாக இதை எழுதுகிறேன்.

கார்ன்வாலின் அழகைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாறை முனைகள், தகரச் சுரங்கங்களின் இடிந்த இயந்திரக் கூடங்கள், மணல் விரிப்புகள் எல்லாம் படத்தில் இருப்பது போலவேதான் இருக்கின்றன. நாங்கள் இருப்பது நியூலின் என்ற மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் ஏறும் சந்து ஒன்றில், 1840களில் கட்டிய கருங்கல் வீட்டில். 2013 இலையுதிர் காலத்தில் குடிவந்தோம். அடுத்த பிப்ரவரியிலேயே, அண்டை மாவட்டமான டெவனின் டாலிஷ் என்னும் ஊரில் புயல் அலைகள் கடற்சுவரை உடைத்துத் தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்கவிட்டன. ஏப்ரல் தொடக்கம் வரை இங்கிருந்து லண்டனுக்கு நேர் இரயில் இல்லை. இந்தக் கடல் யாருடைய வசதியையும் பார்ப்பதில்லை என்பது அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

தமிழில் ஓதம் என்றால் இரண்டு பொருள். பள்ளிப் புவியியல் பாடத்தில் கடல் ஏறி இறங்குவது ஓதம்; மழைக்காலத்தில் பாட்டி சுவரைத் தடவிப் பார்த்து முகம் சுளித்துச் சொல்வதும் ஓதம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர், போன பிறவியில் நியூலினில் வாடகைக்கு இருந்திருப்பார் போலும்.

கடலின் ஓதத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஒரு மீட்டர் வேறுபாடு இருந்தாலே பெரிது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது ஐந்து மீட்டரை நெருங்கிவிடும். காலையில் தேநீரோடு சன்னலருகே நின்றால் பழைய துறைமுகத்தில் படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும். மதியச் சாப்பாட்டைப் பரிமாறும் நேரத்தில் அதே படகுகள் தண்ணீரில் மேலேறி ஆடிக்கொண்டிருக்கும். வளைகுடாவின் எதிர்ப்புறத்தில் இருக்கும் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் என்ற தீவுக் கோட்டைக்கு, மராசியன் என்னும் ஊரிலிருந்து கல் பாவிய பாதை ஒன்று போகிறது. கடல் வற்றியிருக்கும் சில மணி நேரம் அதில் நடந்து போய் வரலாம், நேரம் தவறினால் தீவிலேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் துறைமுகத்தின் தெற்கு அலைதடுப்புச் சுவரின் முனையில் ஒரு சிறு அளவை நிலையம் இருக்கிறது. 1915 மே முதல் 1921 ஏப்ரல் வரை அங்கே அளந்த கடல்மட்டத்தின் சராசரிதான், பிரிட்டன் பெருநிலத்தின் எல்லா உயரங்களுக்கும் இன்றுவரை பூச்சியம். பென் நெவிஸ் மலை 1345 மீட்டர் என்றால், அது எங்கள் துறைமுகக் கடல்மட்டத்திலிருந்து எண்ணிய 1345 மீட்டர். வீட்டுக்கு வரும் விருந்தினர் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வேன். நான் தொடங்கியதுமே என் மனைவி அடுக்களைக்குள் போய்விடுவார்.

சுவரின் ஓதத்துக்கு வருகிறேன். மழை அதிகம் என்பதால் அல்ல. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1400 மி.மீ. அளவில் பெய்கிறது, இங்கே பக்கத்தில் இருக்கும் கேம்போர்னில் ஏறத்தாழ 1100 மி.மீ.தான். ஆனால் சென்னை மழை வந்து கொட்டிவிட்டு வெயிலுக்கு வழிவிடும். இங்கே பெய்வது மழையும் அல்ல, மூடுபனியும் அல்ல. ஊர்க்காரர்கள் மிஸில் என்கிறார்கள், நமக்குச் சாரல் என்றால் புரியும். குற்றாலத்துச் சாரலில் உப்பைக் கரைத்து, மேற்குக் காற்றின் கையில் கொடுத்து, ஒரு சுவரை மட்டும் குறிவைத்து அக்டோபரிலிருந்து மார்ச் வரை வீசச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி. கருங்கல் தண்ணீர் குடிப்பதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சாந்துதான் குடிக்கிறது. முதலில் கட்டியவர்கள் சுண்ணாம்புச் சாந்து வைத்திருந்தார்கள். அது ஈரத்தை வாங்கும், காற்று அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடும். எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் யாரோ, வீட்டைப் பாதுகாப்பதாக நினைத்து, அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சிமெண்ட் பூச்சில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்பக்கமாக வரும். கூடவே வந்த உப்பு சுவரிலேயே தங்கி, மழையே இல்லாத நாளிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஜனவரியில் மேற்கு அறையின் பூச்சை விரலால் அழுத்தினால் நனைந்த ரொட்டியைப் போல உள்ளே போகும். புத்தகங்களின் முதுகில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படரும். அறைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரின் வாளியைத் தினமும் காலையில் கொட்டுவேன். சில நாட்களில் இரண்டு லிட்டர் இருக்கும்.

1595இல் ஸ்பானியர்கள் படகில் வந்து இறங்கி மவுஸ்ஹோலையும் நியூலினையும் பென்சான்ஸையும் கொளுத்திவிட்டுப் போனார்கள். கோடையில் வந்ததால் அவர்களால் முடிந்தது. ஜனவரியில் எங்கள் மேற்கு அறைக்கு யாரும் தீ வைத்துவிட முடியாது.

சன்னலைத் திறந்து வைக்கலாமே என்பீர்கள். திறந்தால் சாரல். மூடினால் ரேடான்: இந்தக் கருங்கல் நிலத்தில் இருக்கும் யுரேனியத்தின் வழிவந்த கதிரியக்க வாயு, தரைக்கடியிலிருந்து கசிந்து மூடிய அறைகளில் சேர்கிறது. மூன்று மாதம் இரண்டு பிளாஸ்டிக் டப்பிகளை வைத்து அளந்ததில் எங்கள் கூடத்தில் ஒரு கனமீட்டருக்கு 310 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வந்தது. 200க்கு மேல் போனால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறார்கள். தரைக்கடியில் குழி தோண்டி ஒரு விசிறி வைத்திருக்கிறோம். அது இரவும் பகலும் மெல்ல முனகுகிறது.

பக்கத்து வீடு இன்னொரு தொல்லை. அதன் சொந்தக்காரர் ஆகஸ்டில் பதினைந்து நாள் வருவார். மற்ற நாட்களில் கணப்பு இல்லை, விளக்கு இல்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் எங்கள் பக்கம் பனிக்கட்டியாக இருக்கும், சோறு வடித்த ஆவியெல்லாம் அதில் போய் வியர்க்கும். எங்கள் வரிசையின் பதினொரு வீடுகளில் ஜனவரி இரவில் நான்கில்தான் வெளிச்சம் தெரியும். 2025 ஏப்ரலிலிருந்து இத்தகைய இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். வரி கூடியது, விளக்கு கூடவில்லை. அந்த வீட்டுக் கூரையின் நீர்த்தாரையில் கடற்காகம் கூடு கட்டியிருக்கிறது. பறவை கூடு கட்டும்போதும் அதில் இருக்கும்போதும் அதைக் கலைக்கக்கூடாது என்பது 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம். என் ஏணிக்கும் பழுப்பு வளையத்துக்கும் காரணமானது அந்தக் கூடுதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு மேற்குச் சுவரைச் சரிசெய்தோம். முதலில் வந்த நிறுவனம் சுவரில் துளையிட்டு இரசாயனத்தை ஏற்றிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனது. ஒரு பயனும் இல்லை. பிறகு கிடைத்த முதிய கொத்தனார், எப்போது வருவீர்கள் என்று கேட்டபோதெல்லாம் 'டிரெக்லி' என்றார். 'டைரக்ட்லி' என்ற ஆங்கிலச் சொல்லின் ஊர்வழக்கு அது; அகராதிப்படி அதற்கு உடனே என்று பொருள் வர வேண்டும். கார்ன்வாலில் அது நம்மூர் 'ஆகட்டும் பார்க்கலாம்'. பதினாறு மாதம் கழித்து ஒரு ஏப்ரல் காலையில் வந்து நின்றார். சிமெண்டை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைத்து, அது அவசரமாகக் காய்ந்து வெடிக்காமல் இருக்க நனைத்த சாக்குகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டார். நம் ஊரில் கடுக்காய் நீர் சேர்ப்பார்கள் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எதற்காக, எவ்வளவு என்று அரை மணி நேரம் கேட்டார். எனக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான். வந்த நவம்பரில் அந்த அறையின் சுவர் கைக்கு உலர்ந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அங்கே ஈரவாடை இல்லாமல் உட்கார்ந்து, மழையில் மங்கித் தெரியும் துறைமுகத்தைப் பார்த்தேன். அதற்கு ஈடாக வேறெந்த ஊரையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் நண்பரே, வாங்காதீர்கள். விலை இன்னும் இறங்கினாலும் வாங்காதீர்கள். நாங்கள் விற்கப் போவதில்லை, அது வேறு விஷயம். மனம் கேட்கவில்லை என்றால் வாடகைக்கு வீடு எடுத்து டிசம்பரிலிருந்து மார்ச் வரை இருந்து பாருங்கள். வீடு பார்க்கப் போகும்போது சன்னல் வழியே தெரியும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, மேற்குச் சுவரோரம் இருக்கும் அலமாரியை ஒரு சாண் நகர்த்தச் சொல்லி, அதன் பின்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள்.