குண்டுக் காயம்: உடனே தையலா, திறந்து வைப்பதா?

துப்பாக்கிக் குண்டு தொடையைத் துளைத்துவிட்டது. எலும்பும் பெரிய ரத்தக் குழாயும் தப்பின. கழுவிச் சுத்தம் செய்த காயத்தை அன்றே தைத்து மூடலாம். திறந்தே விட்டு நான்கைந்து நாள் கழித்தும் தைக்கலாம். அறுவை மருத்துவராக என் கை போவது இரண்டாவது வழிக்கே.

உடனே தைப்பதன் வசதி தெரிந்ததுதான்: ஒரே மயக்க மருந்து, ஒரே அறுவை, வீட்டாருக்கும் நிம்மதி. ஆனால் தோலை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் தசையைப் பார்க்க வேண்டும்.

குண்டு தன் பாதையில் உள்ள திசுவை நசுக்குகிறது. கூடவே, சுற்றியுள்ளதை ஒரு கணம் பக்கவாட்டில் விரித்துத் தள்ளுகிறது. துப்பாக்கியின் வகைக்கும் குண்டு உள்ளே புரளும் விதத்துக்கும் ஏற்ப இந்த விரிவு கூடும். நுரையீரல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், கல்லீரல் கிழிந்துவிடும். தசை ஓரளவு தாங்கும். எந்த இழை பிழைக்கும் என்பதுதான் முதல் நாளில் தெரியாது. உயிருள்ள தசை இடுக்கியால் கிள்ளினால் சுருங்கும், வெட்டினால் ரத்தம் கசியும். கருத்துக் கொழகொழத்ததைத் தயங்காமல் வெட்டி எடுத்துவிடலாம். மங்கிய நிறத்தில், கிள்ளினால் லேசாகத் துடிக்கிறதே, அதை என்ன செய்வது? தைத்து மூடினால் அது இருட்டில் சாகும். குண்டின் சூடு கிருமியைக் கொன்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. உடுத்திய துணியின் நூலும் அழுக்கும் குண்டோடு உள்ளே போகின்றன. செத்த தசை, அழுக்கு, ஆக்சிஜன் இல்லாத மூடிய குழி: தசைக்குள் வாயுவைக் கிளப்பி அதை அழுகவைக்கும் கிருமித் தொற்றான வாயு அழுகலுக்கு வேறென்ன வேண்டும்? முதல் உலகப் போரில் பெல்ஜிய மருத்துவர் அந்துவான் டெபாஜ், செத்த திசுவை வெட்டிக் களைந்து, பொறுத்திருந்து தைக்கும் முறையை வலியுறுத்தியது இதனால்தான்.

விலக்குகள் உண்டு. மார்புச் சுவரில் காற்றை உறிஞ்சும் துளையையும் மூட்டின் உறையையும் உடனே மூடியாக வேண்டும். ரத்த ஓட்டம் மிகுந்த முகத்தை அன்றே தைப்பதே வழக்கம். அதில் என் அனுபவம் குறைவு. கைத்துப்பாக்கிக் குண்டு மென்திசுவில் மட்டும் நேராகப் புகுந்து வெளியேறிய சிறு காயத்துக்குப் பெரும்பாலும் கழுவிக் கட்டுவதே போதும்.

திறந்து வைப்பவர் கட்டைத் தினமும் பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரிக்கும்போதெல்லாம் புதுக் கிருமி புகும். காய்ச்சல், நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி இவை இல்லாவிட்டால், தையலுக்கான நாளில் அறுவை அரங்கில்தான் அதைப் பிரிக்க வேண்டும்.