சங்க உறுப்பினர்களை இணையத்தில் எங்கே கூட்டுவது? வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக், டிஸ்கோர்ஸ்: ஓர் அலசல்

இணையக் குழு தொடங்கலாம் என்று செயற்குழு முடிவெடுத்ததும் பேச்சு நேராக "எந்த ஆப்?" என்பதற்குப் போய்விடும். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். சந்தா கட்டாமல் விட்டவரை யார், எப்படி நீக்குவது? போன வருடம் ஒருவர் விளக்கமாக எழுதிய பதிலை இந்த வருடம் தேடி எடுக்க முடியுமா? நிர்வாகிகள் மாறினால் குழு யார் கையில் இருக்கும்? இந்த மூன்றையும் வைத்துத்தான் கீழே நான்கையும் எடை போட்டிருக்கிறோம்.

வாட்ஸ்அப்பில் யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டாம். அதை மிஞ்ச ஆளில்லை. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். அதற்கு மேல் போனால் பல குழுக்களைக் கம்யூனிட்டியாக இணைத்து, மேலே ஓர் அறிவிப்புக் குழு வைக்கலாம். அறிவிப்புக் குழுவில் சக உறுப்பினர்களின் எண் தெரியாது. சாதாரணக் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். சேரும் முன்பே இதை உறுப்பினரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி-பதிலுக்கு வந்தால்தான் சிக்கல். காலை 9 மணிக்கு ஒருவர், "புதுப்பிப்புப் படிவத்துல 4-வது கட்டத்துல என்ன எழுதணும்?" என்று கேட்கிறார். 9.20-க்குப் பொருளாளர் தெளிவாகப் பதில் போடுகிறார். அன்று யாருக்கோ பிறந்தநாள். பத்து மணிக்குள் முப்பது வாழ்த்து, அதற்கு நன்றி, கூப்பிய கைகள். பதினோரு மணிக்கு இன்னொருவர் அதே 4-வது கட்டத்தைக் கேட்கிறார். மூன்றாம் முறை கேட்கும்போது பொருளாளர் பதில் சொல்வதையே நிறுத்திவிடுவார். அவர் மேல் குறையில்லை. தலைப்புவாரியாகப் பிரித்துச் சேமிக்கும் வசதி அங்கே இல்லை.

தேர்தலுக்குப் பிறகு வரும் தலைவலி ஒன்றும் உண்டு. வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவரை மற்ற அட்மின்களால் நீக்க முடியாது. அவராக வெளியேறினால்தான் உண்டு. பழைய செயலாளர் மனத்தாங்கலோடு போயிருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் சங்கத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணிலிருந்தே குழுவைத் தொடங்குங்கள். வாங்கியதும் அலமாரியில் பூட்டிவிட வேண்டாம்: 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடும்.

டெலிகிராம் இதே வகைதான், ஆனால் கட்டுப்பாடு கூடுதல். குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம், எண்ணை மறைக்கலாம், புதிதாக வருபவருக்குப் பழைய உரையாடலைக் காட்டலாம், தலைப்புகளாகப் பிரிக்கலாம். உரிமையை இன்னொருவருக்கு மாற்றவும் முடியும். ஆனால் மாற்றிக்கொடுப்பவர் இருபடிச் சரிபார்ப்பை (கணக்குக்கான கூடுதல் கடவுச்சொல்லை) 7 நாட்களுக்கு முன்பே இயக்கியிருக்க வேண்டும். பதவியேற்பு நாளில் உட்கார்ந்து செய்கிற வேலையில்லை. உறுப்பினர்களில் பாதிப்பேர் அந்த ஆப்பையே வைத்திருக்கவில்லை என்றால் இத்தனை வசதியும் வீண்.

ஃபேஸ்புக் குழு ஆள் சேர்க்க நல்லது, சங்கம் நடத்த நல்லதல்ல. சேர விரும்புவோரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். அதில் ஒன்று கட்டாயம் உறுப்பினர் எண்ணாக இருக்கட்டும். ஆனால் எந்தப் பதிவு யார் கண்ணில் எப்போது படும் என்பதை அவர்களுடைய அல்காரிதம் முடிவு செய்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழு அறிவிப்பைத் திங்கட்கிழமை பார்ப்பவர்கள் இருப்பார்கள். வெளி மென்பொருள்கள் குழுக்களோடு இணைய இருந்த வழியையும் 2024 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். ஆகவே சந்தாப் பட்டியலோடு ஒப்பிட்டு நீக்கும் வேலை முழுக்க முழுக்கக் கைவேலை.

டிஸ்கோர்ஸ், தலைப்புவாரியாகப் பேசும் இணைய மன்றத்தைச் சங்கமே நடத்திக்கொள்ள உதவும் திறமூல மென்பொருள் (நிரல் எல்லோருக்கும் திறந்தது). கட்டணம் செலுத்தி வாடகைக்கும் எடுக்கலாம், சொந்த சர்வரிலும் நிறுவலாம். குறைந்தது 1 ஜிபி ரேம் வேண்டும். 2 ஜிபி இருந்தால் நிம்மதி. அதோடு ஒரு டொமைன் (இணைய முகவரிப் பெயர்), தளத்திலிருந்து மின்னஞ்சல் அனுப்பித் தரும் ஓர் எஸ்எம்டிபி சேவை. முதல் முறை நிறுவுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது மின்னஞ்சலில்தான். மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் டொமைனில் சரியாக இல்லாவிட்டால் கணக்கை உறுதிசெய்யும் மடல் ஸ்பேமில் விழும், அல்லது வரவே வராது. உறுப்பினரோ "சைட் வேலை செய்யல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான்கைந்து வெவ்வேறு மின்னஞ்சல் சேவைகளுக்குச் சோதனை மடல் அனுப்பிப் பார்க்காமல் அழைப்பு விடுக்க வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டால் கிடைப்பது பெரிது. சங்க இணையதளத்தின் உறுப்பினர் கணக்கையே நுழைவாக வைக்கலாம்; சந்தா முடிந்தவரின் அனுமதி தானாகவே விலகும்படி ஒரு நிரலாளர் அமைத்துத் தருவார். பழைய பதில்கள் தேடலில் கிடைக்கும். புதியவர் ஐந்து தலைப்புகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, பத்து நிமிடம் செலவழித்தால்தான் கூடுதல் உரிமை தரும் அடுத்த நம்பிக்கைப் படிக்கு ஏறுவார் என்பதால் விளம்பரக்காரர்கள் தொல்லையும் குறைவு. வராதவர்களுக்குச் சுருக்க மடல் போகும்.

ஆனால் ஆள் போதாவிட்டால் டிஸ்கோர்ஸ் பாலைவனமாகத் தெரியும். இணையக் குழுக்களில் நூற்றுக்கு 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006-ல் எழுதினார். துல்லியமான விதியல்ல, கைக்கணக்குக்கு உதவும். 400 பேர் உள்ள சங்கத்தில் ஓயாமல் எழுதுபவர் நான்கு பேர். 80 பேர் என்றால் ஒருவர்கூட முழுதாகத் தேறமாட்டார்.

எங்கள் கணிப்பு: 150 உறுப்பினருக்குக் கீழே வாட்ஸ்அப் போதும். அறிவிப்புக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என இரண்டு குழுக்கள். அறிவிப்பில் அட்மின் மட்டும் எழுதட்டும். அதற்கு மேல், அதுவும் தொழில் சார்ந்த கேள்விகள் வரும் சங்கமென்றால், டிஸ்கோர்ஸ்தான். ஆளுக்கொரு ஆசைக்காகப் பதினைந்து பிரிவுகள் திறக்க வேண்டாம், நான்கு போதும். கதவு திறக்கும் முன், வாட்ஸ்அப்பில் கடந்த ஆறு மாதம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட இருபது கேள்விகளைப் பொறுக்கி, பதிலோடு பதிவிடுங்கள். முதல் மூன்று மாதம் எந்தக் கேள்வியும் ஒரு நாளுக்கு மேல் பதிலின்றிக் கிடக்காதபடி இரண்டு பேர் முறைவைத்துப் பாருங்கள். பழைய வாட்ஸ்அப் குழுவை மூடாமல் அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே யாராவது அட்மினுக்குத் தனியாகக் கேள்வி அனுப்பினால் டிஸ்கோர்ஸில் இருக்கும் பதிலின் இணைப்பை அனுப்புங்கள். 4-வது கட்டக் கேள்விக்கும் அதேதான்.