முதலாண்டு ஹாஸ்டல்: பார்க்கப் போகும்போது தெரியாதவை

கவுன்சிலிங்கில் சீட் உறுதியானதும் அடுத்த வேலை ஹாஸ்டல். பல வீடுகளில் அது அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அப்பா ஃபீஸ் கவுன்டர் வரிசையில் நிற்க, அம்மா அறையை எட்டிப் பார்ப்பார். புது வெள்ளை அடித்த சுவர், கட்டில், மேசை, ஃபேன். பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது, பணத்தைக் கட்டிவிடலாம். நான்காம் வருடம் அறையைக் காலி செய்கிறவர்களிடம் கேட்டால் கட்டிலையும் மேசையையும் பற்றிப் பேச்சே எழாது. தண்ணீர், காலை நேர பாத்ரூம் வரிசை, மெஸ் பில், திரும்பி வராத டெபாசிட் என்று இந்த நாலைச் சுற்றியே புலம்புவார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி ஹாஸ்டல்களில் முழுப் படிப்புக் காலமும் தங்கியவர்களின் பார்வையில் எழுதியது இது. சென்னை ஐஐடியில் கங்கை, காவிரி, தப்தி என்று ஆறுகளின் பெயரிலும், திருச்சி என்ஐடியில் அகேட், டயமண்ட், ஜேட் என்று ரத்தினக் கற்களின் பெயரிலும் விடுதிகள் இருக்கும். அங்கெல்லாம் முதலாண்டுக்காரருக்கு எந்த விடுதி என்பதை நிர்வாகமே ஒதுக்கிவிடும். தேர்ந்தெடுக்கிற தலைவலி மற்றக் கல்லூரிகளுக்குத்தான்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். வெயில் காலத்தில் ஹாஸ்டல் பார்க்கப் போனால் மூன்று குழாய்களைத் திறந்து பாருங்கள்: தரைத்தளத்தில் ஒன்று, மேல்மாடியில் ஒன்று, மெஸ்ஸின் குடிநீர்க் குழாய். மேல்மாடி அறைகளுக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் உயர வித்தியாசம் குறைவு, அதனால் அழுத்தமும் குறைவு. கீழே ஒன்றரை நிமிடத்தில் நிரம்புகிற 18 லிட்டர் பக்கெட்டுக்கு மேலே நாலு நிமிடம் ஆகலாம். ஆறு பேர் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் அதுவும் நூலாகிவிடும். விடுதிகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தரநிலையின் கணக்கு. 300 பேர் இருந்தால் 40,500 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் மூன்று லோடுக்கும் மேல். சென்னையில் ஓஎம்ஆர் சாலைப் பக்கம் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் விடுதிகளில் "தினம் எத்தனை லோடு வருகிறது?" என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். வார்டனைவிட அவர் சரியாகச் சொல்வார். 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் இல்லாமல் விடுதிகள் திண்டாடியதை இன்னும் யாரும் மறக்கவில்லை.

அளவு ஒரு பக்கம், தரம் இன்னொரு பக்கம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. குடிக்க ஆர்ஓ வைத்திருப்பார்கள். குளிக்கவும் துவைக்கவும் வருவது போர் தண்ணீர்தான். அது உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, இரண்டு மாதத்தில் தலைமுடி கொட்டுகிறது என்று வீட்டுக்கு போன் போகும், இரும்புச் சத்து கலந்திருந்தால் வெள்ளைச் சட்டை மூன்றே துவைப்பில் பழுப்பேறும். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் படிவம் இருந்தால் உப்புத் தண்ணீர், பேசினில் செம்பழுப்புக் கறை இருந்தால் இரும்பு. மீட்டர் இல்லாமலே இவ்வளவும் தெரிந்துவிடும். கோவையில் என்றால் நேரடியாகவே கேட்கலாம்: சிறுவாணியா, போரா?

பாத்ரூம் கணக்கு எளிது. முதல் வகுப்பு எட்டரைக்கு என்றால் குளிக்கிற நேரம் ஆறரை முதல் எட்டு வரை. ஆளுக்குப் பத்து நிமிடம் வைத்தால் 90 நிமிடத்தில் ஒரு குளியலறைக்கு 9 பேர். உங்கள் மாடியில் இருப்பவர்களைக் கதவு சரியாக மூடுகிற, குழாய் வேலை செய்கிற குளியலறைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 9-க்கு மேல் போனால் ஐந்தரைக்கே எழ வேண்டும், அல்லது குளிக்காமல் போக வேண்டும். "அட்டாச்ட் பாத்ரூம், ஆறு பேர்" என்று விளம்பரம் செய்யும் அறை, காமன் பாத்ரூம் உள்ள மூன்று பேர் அறையைவிட மேல் என்று சொல்லிவிட முடியாது. அட்டாச்ட் என்றால் கழுவுகிற வேலையும் உங்களுடையது. அதற்கு முறை வைத்துச் சண்டை போடாத அறை அபூர்வம்.

இனி மெஸ். சாப்பாட்டின் ருசியை ஞாயிற்றுக்கிழமை சிக்கன் போடும் நாளில் போய்ப் பார்க்கிறார்கள். செவ்வாய் இரவு போங்கள். சப்பாத்தியும் குருமாவும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியும். ருசியைவிட முக்கியமானது பில் போடும் முறை. தனியார் கல்லூரிகளில் பெரும்பாலும் வருடத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதேதான். அரசுக் கல்லூரிகளிலும் பழைய உதவிபெறும் கல்லூரிகளிலும் டிவைடிங் மெஸ் இருக்கும். அந்த மாதச் செலவை மொத்த சாப்பாட்டு நாட்களால் வகுத்து, ஒவ்வொருவரும் இருந்த நாட்களால் பெருக்குவார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 300 பேர், 30 நாள், ஆக 9,000 நாட்கள். மாதச் செலவு 9,90,000 ரூபாய். ஒரு நாளைக்கு 110, மாதம் 3,300. அடுத்த மாதம் தீபாவளி. 40 பேர் பத்து நாள் ஊருக்குப் போய் மெஸ் ரிடக்‌ஷன் எழுதிக் கொடுக்கிறார்கள். 400 நாட்கள் குறைந்து 8,600. காஸ், சமையல்காரர் சம்பளம், முன்பே வாங்கிப் போட்ட அரிசி, இவை அதே அளவில் இருப்பதால் செலவு பெரிதாகக் குறையாது. அதே 9,90,000 என்றால் ஒரு நாள் 115 ரூபாயைத் தாண்டும். ஊருக்குப் போகாமல் மாதம் முழுக்க இருந்தவர் சுமார் 150 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். தூரத்து ஊர்க்காரர்கள்தான் லீவிலும் தங்குவார்கள் என்பதால் இந்தச் சுமை எப்போதும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. ரிடக்‌ஷனுக்கும் விதி உண்டு: தொடர்ந்து இத்தனை நாள் இல்லாமல் இருக்க வேண்டும், போவதற்கு முன்பே கடிதம் கொடுக்க வேண்டும் என்பார்கள். வெள்ளி மாலை போய் திங்கள் காலை வருகிறவருக்கு அநேகமாக ஒரு ரூபாயும் குறையாது. அந்தக் குறைந்தபட்ச நாள் எத்தனை என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த பில்லோடு எஸ்டாப்ளிஷ்மென்ட் (விடுதி நிர்வாகச் செலவு), ரூம் ரென்ட், கரண்ட் எல்லாம் தனியாக வரும். மூன்றாம் மாதத்திலிருந்து மெஸ் அலுத்து வெளியே பரோட்டா, ஃப்ரைடு ரைஸ் என்று போகிற செலவையும் சேர்த்தால்தான் ஹாஸ்டலின் உண்மையான விலை வரும். மாதம் பத்துத் தடவை, தடவைக்கு 100 ரூபாய் என்றாலே ஆயிரம்.

ஏசி அறை வேண்டுமா என்பது அடுத்த விவாதம். ஒன்றரை டன் ஏசி இரவில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும்போது மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 8 மணி நேரம், 30 நாள், 240 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினால் 2,400. மூன்று பேருக்கு ஆளுக்கு 800. அறைக்குத் தனி மீட்டர் இருந்தால் இந்தக் கணக்கு செல்லும். வருடத்துக்கு ஒரே தொகை என்றால் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் ஏசியைத் தொடாமலே அதற்கும் பணம் கட்டுகிறீர்கள். என் பார்வையில், நல்ல காற்றோட்டமுள்ள நடு மாடி நான்-ஏசி அறையே போதும். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறைகளையும் மேற்குச் சுவர் அறைகளையும் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரலில் இரவு 11 மணிக்கும் சுவர் சுடும். தரைத்தளத்தில் மழைக்காலத்தில் ஓதமும் கொசுவும். பாத்ரூமுக்கு எதிர் அறையில் நாற்றமும் இரவெல்லாம் கதவுச் சத்தமும்.

கெட்டில், இன்டக்‌ஷன், தண்ணீர் சுடவைக்கும் ராடு மூன்றுக்கும் அநேகமாக எல்லா இடத்திலும் தடை. தடைக்குக் காரணம் இருக்கிறது. அறையில் உள்ள சிறிய பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். கெட்டிலும் ராடும் பெரும்பாலும் 1,500 வாட். நாலு அறைகள் ஒரே சர்க்யூட்டில் இருக்கும்போது இரண்டு கெட்டில் சேர்ந்து ஓடினால் சுமை கூடினால் தானே கரண்ட்டைத் துண்டிக்கும் எம்சிபி விழும், முழு வரிசையும் இருண்டுவிடும், வார்டன் மாடியேறி வருவார். மேகி தின்ற தட்டோடு மாட்டிக்கொண்டு ஃபைன் கட்டியவர்கள் எல்லா பேட்சிலும் உண்டு.

மெத்தையை முன்கூட்டியே வாங்காதீர்கள். ஹாஸ்டல் கட்டில்கள் 6 அடிக்கு 3 அடியாகவும் இருக்கும், 6 அடிக்கு இரண்டரை அடியாகவும் இருக்கும். பெரிய மெத்தை ஓரம் மடிந்து ஆறு மாதத்தில் முதுகுக்குப் பகையாகும். வாங்குவதற்கு முன் மூட்டைப்பூச்சி சோதனை: போன் டார்ச்சை அடித்து, கட்டிலின் மூலை இணைப்புகள், ஸ்க்ரூ துளைகள், பிளைவுட் பலகையின் அடிப்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். மிளகுத்தூள் தெளித்ததுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். பழைய விசிட்டிங் கார்டை இடுக்கில் நுழைத்து இழுத்தால் தோலுரித்த கூடுகள் வரும். இரும்புப் பட்டைக் கட்டில் என்றால் கொதிக்கும் தண்ணீரை இணைப்புகளில் ஊற்றி வெயிலில் போட்டுச் சரிசெய்துவிடலாம். பிளைவுட் என்றால் கட்டிலையே மாற்றித் தரச் சொல்லுங்கள். மருந்து அடித்தாலும் பலகை அடுக்குகளுக்குள் முட்டை தப்பித்துவிடும். எப்படியும் ஜிப் வைத்த மெத்தை உறை ஒன்று போட்டுவிடுவது நல்லது. மற்றபடி கொண்டுபோக வேண்டியவை: நல்ல பூட்டு இரண்டு, ஐந்து மீட்டர் நைலான் கயிறு, ஒற்றைக் கொசுவலை, துணியில் பெயர் எழுத அழியாத மார்க்கர். முதல் செமஸ்டரிலேயே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், மொட்டைமாடிக் கொடி உதவாது. அறைக்குள் கயிறு கட்ட ஆணி இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லூரிக்கு வெளியே தனியார் விடுதியில் தங்க நினைத்தால் சில விஷயங்கள் வேறு. பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பில்லில் ஜிஎஸ்டி சேர்த்தால் கேள்வி கேளுங்கள்: 2024 ஜூலை 15 முதல், மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமல் தங்கும் விடுதி வாடகைக்கு வரிவிலக்கு இருக்கிறது. வெளி விடுதியின் நல்ல பக்கம், கேட் நேரத்தின் நெருக்கடி குறைவு, பிடிக்காவிட்டால் ஒரு மாத நோட்டீஸில் மாறிவிடலாம். கெட்ட பக்கம், காய்ச்சல் வந்தால் கேட்க ஆளில்லை, ராகிங் தொல்லை என்றால் உடனே வந்து நிற்க வார்டன் இல்லை. கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர்களைக் கூடுமானவரை தனி பிளாக்கில் வைக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு யுஜிசி விதி. அப்படி வைக்கிறார்களா என்று நேரில் பாருங்கள். தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. முதல் வருடம் உள்ளே, மூன்றாம் செமஸ்டரிலிருந்து நண்பர்களோடு வெளியே வீடு எடுப்பது என்பதே பலருக்கும் சரிப்பட்டு வந்த வழி. ஆனால் நான்கு வருடமும் ஹாஸ்டல் கட்டாயம் என்று சில கல்லூரிகள் எழுதி வாங்கிக்கொள்ளும். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

பணம் தடையாக இருப்பவர்கள் விசாரிக்காமலே விடுகிற இரண்டு வழிகள் உண்டு. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகளின் கல்லூரி விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். 2025 ஜூலையில் இவற்றுக்குச் சமூக நீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் பெற்றோரின் வருமான வரம்பும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு; தூர விதி பெண்களுக்குப் பொருந்தாது. கட்டடத்துக்குக் கட்டடம் நிலைமை மாறும் என்பதால் இங்கும் குழாயைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். இரண்டாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தவர்கள். அவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கவுன்டரில் "முதலில் கட்டுங்கள், பிறகு வரும்" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள்.

மெடிக்கல் கவுன்சிலிங்குக்கும் காத்திருக்கிறவர்கள் வருடத்துக்கான முழு ஹாஸ்டல் பணத்தையும் முதல் நாளே கட்டிவிட வேண்டாம். தவணை உண்டா, பாதியில் போனால் எவ்வளவு திரும்பும் என்று விசாரித்துவிட்டுக் கட்டுங்கள். கல்விக் கட்டணம் திரும்பினாலும் ஹாஸ்டல் பணத்தில் பெரும்பகுதி நின்றுவிடுவது வழக்கமான கதை. அறைக்குள் நுழைந்த அன்றே கட்டில், நாற்காலி, ஃபேன், ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கொண்டி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். முந்தைய பேட்ச் உடைத்த கண்ணாடிக்கு உங்கள் காஷன் டெபாசிட்டில் கழிக்காமல் இருக்க அந்தத் தேதி போதும். டெபாசிட் ரசீதின் அசலை வீட்டில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் ஹாஸ்டலில் வைத்திருங்கள். காலி செய்யும்போது நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கும் நாளில் அந்த அசலையும் அறைச் சாவியையும் கேட்பார்கள். சாவி தொலைந்திருந்தால் பூட்டின் விலை போகும், ரசீது தொலைந்திருந்தால் நாலு மேசைக்கு அலைய வேண்டியிருக்கும்.