வீபே ஃபங்ஷன்: 25 டிகிரி போட்டால் 12 டிகிரியில் எரிகிறது

பெட்ரோல் எஞ்சினின் கணினி மாடலுக்கு வீபே ஃபங்ஷன் (கிராங்க் சுழலச் சுழல எரிபொருளில் எத்தனை பங்கு எரிந்தது என்று சொல்லும் சூத்திரம்) இன்னும் போதுமா என்று நண்பர் கேட்டிருந்தார். சூத்திரம் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். என் எரிச்சல் முழுக்க ஒரே எண்ணின் மேல்: எரிகாலம் (கிராங்க் கோணத்தில், டிகிரியில் அளப்பது).

எஞ்சினை ஓட்டி அளக்கும் டெஸ்ட் பெட்டிலிருந்து நமக்குக் கிடைப்பது 10 சதவீதம் எரிந்ததிலிருந்து 90 சதவீதம் வரையிலான கிராங்க் கோணம். வீபே கேட்பதோ தொடக்கம் முதல் முடிவு வரை. சூத்திரத்தில் இரண்டு எண்கள் உண்டு: எவ்வளவு எரிந்ததை முடிவாகக் கொள்கிறோம் என்பதை ஏ சொல்லும், வளைகோட்டின் வடிவத்தை எம் சொல்லும். ஏ = 5, எம் = 2 என்றால், எரிகாலத்தின் 0.276 பங்கில் 10 சதவீதமும் 0.772 பங்கில் 90 சதவீதமும் எரிகின்றன. இடைவெளி 0.496. ஆகவே அளந்தது 25 டிகிரி என்றால் உள்ளே போக வேண்டியது ஏறக்குறைய 50. அந்த 25-ஐ அப்படியே போட்டால் 10-90 வெறும் 12.4 டிகிரியில் முடிந்து, உச்ச அழுத்தம் எகிறிவிடும். அதை இறக்க, சுவர் வழி வெப்ப இழப்பின் பெருக்கியைக் கூட்டுகிறார்கள். கர்வ் பொருந்திவிடும், மாடல் கெட்டுவிடும்.

ஏ-யை 6.908 என்று வைத்தால் (99.9 சதவீதம் எரிந்ததை முடிவாகக் கொள்வது) அதே 25-க்கு 56 டிகிரி வேண்டும். ஏ மதிப்பைச் சொல்லாமல் எரிகாலத்தை மட்டும் அச்சிடும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அந்த எண்ணை வைத்து யாரும் எதையும் திரும்பக் கணக்கிட முடியாது.

ஆனால் ஒரு வசதிக்காகவே வீபேயைக் கைவிட மனம் வருவதில்லை. எரிந்த பங்கை 1-லிருந்து கழித்து, லாக் எடுத்து, குறியை மாற்றி, மறுபடியும் லாக் எடுங்கள். தொடக்கத்திலிருந்து கடந்த கோணத்தின் லாக்குக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு, அதன் சரிவு எம் + 1. எக்செல் போதும். 10-90க்கு உள்ளே இருக்கும் புள்ளிகளை மட்டும் எடுங்கள், இரு முனைகளிலும் இரைச்சல் அதிகம். கோட்டின் கீழ்ப்பகுதி வளைந்தால் பெரும்பாலும் தொடக்கக் கோணம் தவறு: ஸ்பார்க் கோணத்தையே தொடக்கமாகப் போட்டிருப்பீர்கள். அதற்கும் முன்னால் டிடிசி-யை (பிஸ்டன் மேல் உச்சியைத் தொடும் கோணம்) சரிபாருங்கள். எரிபொருள் இல்லாமல் சுழற்றும்போது அழுத்த உச்சம் டிடிசி-க்குச் சற்று முன்பே வந்துவிடும், வெப்ப இழப்பும் பிஸ்டன் ரிங் வழிக் கசிவும்தான் காரணம். அந்த உச்சத்தையே டிடிசி என்று வைத்தால் வெப்ப வெளியீட்டுக் கணக்கு முழுவதும் சாயும்.

டீசலுக்கு ஒற்றை வீபே சரிவராது. முதலில் எழும் கூர்முனையையும் பின்னால் இழுபடும் வாலையும் பிடிக்க இரண்டு வேண்டும்.

வேகமோ இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி சிலிண்டருக்குள் விடுவது) அளவோ மாறினால் எம், எரிகாலம் இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும். எரிதலை நாமே எழுதிக்கொடுத்துவிட்டு, எரிதல் எப்படி மாறும் என்று அதனிடமே கேட்க முடியாது. இவ்வளவு பிடித்திருந்தும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அவரிடம் சிலிண்டர் அழுத்தத் தரவு கிடையாது, தேடுவதோ புதிய பிஸ்டன் வடிவத்தின் விளைவு. எரிந்த வாயு, எரியாத வாயு என்று பிரித்து, கொந்தளிப்புச் சுடர் வேகத்தைக் கணக்கிடும் இரு மண்டல மாடலுக்குப் போகட்டும்.