உடலுக்குள் போகும் கருவி: திருவனந்தபுரமா, பெங்களூரா, சென்னையா?

மருத்துவக் கருவி ஸ்டார்ட்அப் தொடங்க எந்த ஊர் இன்குபேட்டரில், அதாவது இடமும் ஆய்வக வசதியும் தரும் அமைப்பில், சேர்வது? கிராண்ட் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை 2012இல் தொடங்கிய லாப நோக்கற்ற நிறுவனம் பைராக். அதன் ‘பிக்’ திட்டத்தில் 18 மாத வேலைக்கு 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பதிலுக்குப் பங்கு கேட்பதில்லை. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உச்சவரம்பு அதேதான். யாருடைய கூரைக்குக் கீழே உட்கார்ந்து அந்தப் பணத்தைச் செலவழிப்பது என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வகை: மருத்துவமனையிலோ கல்லூரி ஆய்வகத்திலோ பிறந்து, உடலுக்குள் போகிற கருவி. கதீட்டர் குழாய், உடல் திரவத்தைத் திருப்பிவிடும் ஷன்ட், எலும்புக் குழியை நிரப்பும் பொருள் போன்றவை. இந்த வகைக்கு நாங்கள் தேர்ந்தது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தின் டைமெட் இன்குபேட்டர். சாய்வு அந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை. மருந்து மூலக்கூறு, செல் சிகிச்சை இரண்டுக்கும் கீழே உள்ள கணக்கு அப்படியே பொருந்தாது.

சென்னையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உங்கள் கருவியில் சென்சார், சர்க்யூட், மென்பொருள்தான் பிரதானம் என்றால் வேறு ஊர் தேட வேண்டாம். ஐஐடி மெட்ராஸ் இன்குபேஷன் செல் இருக்கிறது. அதே ஐஐடியின் மருத்துவத் தொழில்நுட்ப மையமான, 2011 முதல் இயங்கும் எச்டிஐசி இருக்கிறது. மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைக்குத் தரமணியிலேயே மத்திய அரசின் சமீர் ஆய்வு மையம் இருக்கிறது. போர்டை மாற்றிக்கொண்டு மறுபடி போய் நிற்பது அரை நாள் பயணம்கூட இல்லை.

பெங்களூரின் உயிரியல் இன்குபேட்டரான சி-காம்ப் 2009இல் தொடங்கியது. தேசிய உயிரியல் மையத்தோடு ஒரே வளாகம். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, ஃப்ளோ சைட்டோமெட்ரி, ஜீனோமிக்ஸ் என்று தனி ஸ்டார்ட்அப் கனவிலும் வாங்க முடியாத இயந்திரங்கள் அங்கே உண்டு. புது ஆன்டிபயாடிக் தேடும் பக்வொர்க்ஸ் வளர்ந்தது அங்கேதான். நோயறி கிட், புரதம், நுண்ணுயிர் சார்ந்த வேலைக்கு அதுவே முதல் தேர்வு. முதலீட்டாளர் நடமாட்டத்தில் திருவனந்தபுரம் அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் உடலுக்குள் போகும் பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் வேண்டியது அந்த இயந்திரங்கள் அல்ல.

வேண்டியது உயிரொவ்வுமைச் சோதனை, அதாவது பொருள் உடலுக்குத் தீங்கு செய்யுமா என்று பார்ப்பது. அதற்கான தர நெறி ஐஎஸ்ஓ 10993. இதை ஒரு முறை எழுதிப் பாஸாகும் தேர்வு என்று நினைத்துத் திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம். பிளாஸ்டிக் மூலப்பொருளான ரெசினின் கிரேடு மாறினால், நிறமி மாறினால், ஒட்டும் பசை மாறினால், சப்ளையர் மாறினால், கிருமி நீக்க எத்திலீன் ஆக்சைடு வாயுவுக்குப் பதில் காமா கதிர் வைத்தால், பழைய ரிப்போர்ட் இன்னும் செல்லுமா என்று மறுபடி மதிப்பிட வேண்டும். பல நேரம் சோதனையையே மறுபடி செய்ய வேண்டும். இதில் கெடுபிடி எதுவும் இல்லை. காமா கதிர் பாலிமர் சங்கிலிகளை அறுக்கிறது: பாலிப்ரொப்பிலீன் நொறுங்கும், பிவிசி மஞ்சளாகும், முன்பு கசியாத பொருள்கள் கசியும்.

மாதிரி எண்ணிக்கையில்தான் முதல் அடி விழும். சோதிப்பது கருவியைக் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் சாற்றை. தடிமன் 0.5 முதல் 1 மி.மீ. வரை உள்ள பொருளுக்கு 1 மி.லி. சாற்றுக்கு 3 சதுர செ.மீ. பரப்பு வேண்டும், அதைவிட மெலிதானால் 6. உங்கள் கருவி ஒன்றின் பரப்பு 2 சதுர செ.மீ., தேவை 20 மி.லி. சாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கருவிகள். உப்புநீர், எண்ணெய் என இரண்டு கரைப்பான் என்றால் 60. மெல்லிய சுவர் என்றால் 120. அத்தனையும் இறுதி வடிவில், பேக் செய்து, ஸ்டெரிலைஸ் செய்ததாக இருக்க வேண்டும். கையால் செய்த ஐந்தாறு புரோட்டோடைப்பை வைத்துக்கொண்டு கிராண்ட் விண்ணப்பத்தில் ‘மூன்றாம் மாதம் சோதனை’ என்று எழுதும்போது இந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அடுத்தது, தோற்றால் என்ன செய்வது. செல் நச்சுச் சோதனையில் கிரேடு 2ஐத் தாண்டினால் நச்சு என்று பொருள். வெளி லேப் 3 என்று எழுதி அனுப்பிவிடும். ஏன் என்று எழுதாது, அது அவர்கள் வேலையும் இல்லை. காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும்: காற்றாட விடாததால் தங்கிய எத்திலீன் ஆக்சைடு, முழுதாக இறுகாத பசை, அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய், கழுவிய சோப்பு. எது என்று சொல்ல பாலிமர் வேதியியலாளரும் செல் வளர்ப்பவரும் திசு பார்க்கிற நோய்க்குறியியலாளரும் ஒரே மேசைக்கு வர வேண்டும். பூஜப்புரையில் உள்ள சித்திரை நிறுவனத்தின் உயிர்மருத்துவப் பிரிவில் இவர்கள் ஒரே வளாகம், விலங்குக்கூடமும் அங்கேயே. டைமெட் இருப்பதும் அங்கேதான். மருத்துவமனை மட்டும் நகரின் மறுபக்கம், மருத்துவக் கல்லூரி வளாகத்தில்.

இந்த அமைப்பின் மதிப்புக்கு அவர்களுடைய இதய வால்வே சாட்சி. மூன்று வடிவங்கள் கைவிடப்பட்டன. நீலக்கல் தட்டு வைத்த வடிவம் செம்மறி ஆட்டின் உடலில் உடைந்த பிறகே மிக உயர்ந்த மூலக்கூற்று எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டுக்கு மாறினார்கள். நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, பிறகு டிடிகே நிறுவனத்தின் தயாரிப்பில் சந்தைக்கு வந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் வெளியூர் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தால் நான்காவதுவரை பொறுமையோ பணமோ மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. உள்ளே இருப்பதால் சோதனை இலவசம் ஆகிவிடாது, வரிசையும் உண்டு. விலங்கு நெறிமுறைக் குழுவும் மனித நெறிமுறைக் குழுவும் அவரவர் கூட்டத் தேதிப்படிதான் கூடும், உங்கள் 18 மாதத்தைப் பார்த்து அல்ல. கண்டுபிடித்த மருத்துவரே ஸ்டார்ட்அப்பின் பங்குதாரர் என்றால், நோயாளிகளிடம் நடத்தும் ஆய்வுக்கு முதன்மை ஆய்வாளராக வேறொருவரைப் போடுங்கள். இரண்டாவது மருத்துவமனை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

காப்புரிமையில் மூன்று ஊருக்கும் விதி ஒன்றுதான். ஊழியர் கண்டுபிடித்தது பெரும்பாலும் நிறுவனத்துக்கே சொந்தம்; ஸ்டார்ட்அப்புக்குக் கிடைப்பது லைசென்ஸ் மட்டுமே. மாநாட்டில் படம் காட்டுவதற்கு முன் தற்காலிக விண்ணப்பம், 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம். கம்பெனி பதிவுக்கு முன்பே லைசென்ஸ் பிரத்தியேகமா, ராயல்டி எதன்மீது, துணை லைசென்ஸ் தரலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, முகவரி. 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி சோதனைக்கும் மருத்துவ ஆய்வுக்கும் சிறு அளவில் தயாரிக்க எம்டி-13 உரிமம் வேண்டும். அது தயாரிப்பு இடத்தோடு கட்டப்பட்டது. இன்குபேட்டரின் கிளீன்ரூமைக் காட்டி வாங்கிய உரிமம், நீங்கள் காலி செய்து கிளம்பும்போது கூட வராது. விற்பனைக்கான உரிமத்துக்குச் சொந்த ஆலை, இல்லையேல் வேறொருவர் ஆலையில் தயாரிக்கும் கடன் உரிமம் வேண்டும். ஆபத்து கூடுதலான சி, டி வகுப்புக் கருவி என்றால் மாநில அலுவலகம் போதாது, மத்திய ஆணையத்திடம் போக வேண்டும். ஆலை மாறினால் தயாரிப்பு முறையும் மாறும். அது பழைய சோதனை முடிவுகளைத் தொடுமா என்ற கேள்வியும் கூடவே வரும். அதனால் டைமெட்டில் சேரும்போதே எந்த ஆலை, எந்த ஸ்டெரிலைசேஷன் என்று முடிவு செய்து, சோதனைக்கான கருவிகள் அத்தனையையும் அந்த ஆலையிலேயே வார்த்து எடுத்து வாருங்கள்.