குளோசிங் முடியத் தாறன் அக்கா: ஸ்டேஜிங் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கனடாவில் ரொறன்ரோவை அண்டிய ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் வீட்டு ஸ்டேஜிங் செய்கிற, செய்யத் தொடங்கப்போகிற எங்கட ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். விற்பனைக்கு வரும் வெறும் வீட்டுக்குள் சோபா, கட்டில், விளக்கு எல்லாம் வாடகைக்குக் கொண்டுபோய் அடுக்கிக் கொடுப்பது என் தொழில். குளோசிங் என்பது விற்ற வீடு சட்டப்படி கைமாறுவது. என்னை ஏமாற்றிய வீடு விற்கும் ஏஜென்ட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோயில் காலண்டரில் சிரித்துக்கொண்டிருக்கிற ஆள் என்பது மட்டும் போதும்.

2021இல் வீடுகள் பறந்துகொண்டிருந்த காலம். அவருக்கு இரண்டு வீடு செய்தேன், இரண்டுக்கும் ஒரு கிழமைக்குள் காசு வந்தது. இரண்டாவது வீட்டில், "வேலை பிடிச்சுத் தந்ததுக்கு" என்று 200 டொலர் கையில் கேட்டார். கொடுத்தேன். ஒன்ராறியோவில் ஏஜென்ட் தன்னுடைய புரோக்கரேஜ், அதாவது தான் வேலை செய்யும் நிறுவனம், ஊடாக மட்டும்தான் ஊதியம் வாங்கலாம், இப்படி வெளியில் வாங்கக்கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன், வேலை தேவைப்பட்டது.

மூன்றாவது வீடு ஏஜக்ஸில், 2022 ஜூன். மார்ச்சில் 0.25 வீதத்தில் இருந்த வட்டியை கனடா வங்கி ஏற்றத் தொடங்கிவிட்டது. வாங்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வீட்டுக்காரர் மட்டும் பெப்ரவரி விலையிலேயே நின்றார். நாலு அறை வீடு, உள்ளே ஒரு கதிரைகூட இல்லை. 30 நாளுக்கு 2,800 டொலர், அதற்குமேல் மாதம் 900, எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரி வேறு என்று சொன்னேன்.

"அக்கா, ஸ்டேஜிங் ஃப்ரீ எண்டு வீட்டுக்காரருக்குச் சொல்லித்தான் லிஸ்டிங் எடுத்தனான். பில்லை எனக்கு அனுப்புங்கோ, குளோசிங் முடியத் தாறன்."

லிஸ்டிங் என்றால் வீட்டை விற்றுத்தர வீட்டுக்காரர் ஏஜென்ட்டிடம் எழுதிக்கொடுப்பது. கணக்கை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று போட்டார். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

விலையைக் குறைத்துப் போட்டு, எல்லா ஓஃபரையும் ஒரே இரவில் வாங்கும் ஓஃபர் நைட் வைத்து, நாலுபேரை மோதவிடலாம் என்பது அவர் திட்டம். அன்றிரவு ஒருவரும் வரவில்லை. விலையை மாற்றித் திரும்ப லிஸ்ட் பண்ணினார். 30 நாள் முடிய, சாமானை எடுக்கவா என்று கேட்டேன். "இப்ப எடுத்தா வீடு செத்துப்போகும் அக்கா, இந்தக் கிழமை ஓஃபர் வருது" என்றார். ஓகஸ்டிலும் அதே கதை, செப்டெம்பரிலும் அதே கதை. என்னிடமிருந்த நல்ல சோபா அங்கே கிடந்ததால் வேறு இரண்டு வேலையை விட்டேன்.

ஒக்டோபரில் வானோடு போனால் வாசலில் வீட்டுச் சாவி வைக்கும் லொக்பொக்ஸின் இலக்கம் மாறியிருந்தது. லிஸ்டிங் காலம் முடிந்து, வீட்டுக்காரர் வேறு ஏஜென்ட்டிடம் போய் மூன்று கிழமை. அந்தப் புது ஆள் என் சாமானை வைத்தே வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறார். பழையவருக்குப் போன் அடித்தேன். "அது இப்ப என்ர லிஸ்டிங் இல்லை, வீட்டுக்காரரோட கதையுங்கோ." வீட்டுக்காரரோ, "பிள்ளை, எனக்கு ஃப்ரீ எண்டுதானே சொன்னவர்" என்றார். அவரிலும் பிழை சொல்லமுடியாது, கதவைத் திறந்துவிட்டார். மேலே கட்டிலில் யாரோ பல நாள் படுத்திருக்கிறார்கள். வெள்ளைக் கதிரையில் மஞ்சள் கறை. கறியேதான், மணம் இருந்தது.

மொத்தம் 5,500, வரியோடு 6,215 டொலர். பில் எழுதினால் காசு வந்ததோ இல்லையோ எச்.எஸ்.ரி கணக்கில் ஏறிவிடும். வராத காசுக்கு 715 டொலர் வரியை நான் என் கையால் கட்டினேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் இன்னும் எரிகிறது.

ஏஜென்ட்மாரின் நடத்தையைப் பற்றி ரெக்கோவுக்கு, அதாவது ஒன்ராறியோ ரியல் எஸ்டேட் கவுன்சிலுக்கு, முறையிடலாம். ஆனால் கடனை வசூலித்துத் தருவது அதன் வேலை இல்லை. காசுக்கு சிறு கோரிக்கை நீதிமன்றம்தான். அப்போது அங்கே 35,000 டொலர் வரை கேட்கலாம், 2025 ஒக்டோபரிலிருந்து 50,000. பொதுவாக இரண்டு வருடத்துக்குள் வழக்கைப் போட்டுவிடவேண்டும். நானும் போட்டேன். சூமில் நடந்த சமரசக் கூட்டத்தில் அந்த ஏஜென்ட் அமைதியாகச் சொன்னார்: குளோசிங் முடியத் தருவேன் என்றுதான் சொன்னேன், குளோசிங் நடக்கவே இல்லையே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "குளோசிங் முடிய" என்பதை நான் ஒரு திகதியாக எடுத்திருந்தேன். அவருக்கு அது ஒரு நிபந்தனை. அந்த வீடு 12 லட்சம் டொலருக்குப் போயிருந்தால், இரண்டரை வீதக் கமிஷனில் 30,000 டொலர் அவர் பக்கம் வந்திருக்கும், புரோக்கரேஜ் பங்கு அதில் போகும். எனக்கு அதே 2,800தான். விற்காவிட்டால் இருவருக்கும் பூச்சியம், ஆனால் தேய்வது என் சோபா. அவருடைய சூதாட்டத்துக்கு நான் சம்பளமில்லாத கூட்டாளி.

கையெழுத்து இருக்கிறதா என்று கேட்டார்கள். கட்டைவிரலைக் காட்டினேன். 3,000 டொலருக்கு முடித்துக்கொண்டேன்.

இப்போது யார் காசு தருகிறாரோ அவரே கையெழுத்திடவேண்டும், ட்ரக் புறப்பட முதல் முழுக்காசும் வரவேண்டும். சாமான் என்னுடையது, லிஸ்டிங் மாறினாலும் நான் வந்து எடுக்கலாம் என்று வீட்டுக்காரரும் தனியாக ஒப்பமிடவேண்டும். நீட்டிப்புக்கு கிரெடிட் கார்ட் இலக்கம் முன்கூட்டியே வாங்கிவிடுவேன். இதைக் கேட்டு மூன்று ஏஜென்ட்மார் என்னை விட்டுப்போனார்கள். மிஞ்சியவர்களில் ஒருத்தி பில் போன அன்று பின்னேரமே இ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பிவிடுவாள். எல்லாரும் ஒன்றல்ல என்பதற்குச் சொல்கிறேன்.

போன தைப்பொங்கலுக்கு அவரிடமிருந்து வாழ்த்து வந்தது. கீழே: "அக்கா, மார்க்கத்தில ஒரு டவுன்ஹவுஸ் இருக்கு. பழசை விடுங்கோ. குளோசிங் முடிய..."

இரண்டு பக்க ஒப்பந்தத்தை அனுப்பிவைத்தேன். நீல ரிக் இரண்டும் விழுந்தது. பதில் இல்லை.